துரியான் தோட்டக் குடிலுக்கு எந்த சார்ஜ் கன்ட்ரோலர்?

கேள்வி: பினாங்கின் பாலிக் பூலாவில் உள்ள எங்கள் துரியான் தோட்டக் குடிலுக்கு மின்சாரம் கிடையாது. பழம் விழும் பருவத்தில் இரவுக் காவலுக்கு அங்கேயே தங்குவோம். விளக்கு, சிறிய மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்காக 100 வாட் சோலார் தகடு இரண்டும், 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்றும் வாங்கிவிட்டோம். தகட்டிலிருந்து பேட்டரிக்கு ஏறும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவியான சார்ஜ் கன்ட்ரோலர்தான் பாக்கி. கடைக்காரர் எம்.பி.பி.டி. வகையையே வாங்கச் சொல்கிறார். பி.டபிள்யூ.எம். வகையோ விலை மிகக் குறைவு. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தேவைக்குத் தரமான 20 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கருவியே போதும். ஆனால் அதற்கு முன் தகட்டின் பின்புறச் சீட்டைப் பாருங்கள். உச்சத்திறன் வோல்டேஜ் (Vmp) 18, எதிலும் இணைக்காதபோதுள்ள திறந்த சுற்று வோல்டேஜ் (Voc) 22 என்ற அளவில் இருக்க வேண்டும். அப்படியானால் அது 12 வோல்ட் பேட்டரிக்கென்றே 36 செல்களை வைத்துச் செய்த தகடு.

பி.டபிள்யூ.எம். என்பது தகட்டையும் பேட்டரியையும் வேகமாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச். இணையும்போது தகடு பேட்டரியின் வோல்டேஜுக்கே இறங்கிவிடும். அதற்கு மேற்பட்டது வீண். எம்.பி.பி.டி. அந்த உபரியைக் கூடுதல் ஆம்பியராக மாற்றித் தரும். குளிர்ப் பகுதிகளில் இது நல்ல ஆதாயம். நம் வெயிலில் அப்படியில்லை. சீட்டில் உள்ள 18 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நண்பகலில் கூரைமேல் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். வோல்டேஜ் 15 வரை இறங்கிவிடும். இரு தகடுகளும் சேர்ந்து 11 ஆம்பியர் தந்தால், 15 வோல்டில் 165 வாட், பேட்டரியின் 13.5 வோல்டில் ஏறக்குறைய 148 வாட். எம்.பி.பி.டி. மீட்டுத் தருவது இந்த 17 வாட்டைத்தான். அதிலும் ஒரு பகுதி அக்கருவிக்குள்ளேயே கரைந்துவிடும்.

பிற்காலத்தில் வீட்டுக் கூரைக்கான 400 வாட் தகடு மலிவாகக் கிடைத்து அதை மாட்ட நினைத்தால் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும். அதன் வோல்டேஜ் 31 அளவில் இருக்கும். பி.டபிள்யூ.எம். கருவியில் இணைத்தால் பாதிக்கு மேல் வீணாகும். அதற்கு எம்.பி.பி.டி. கட்டாயம். உங்கள் பேட்டரிக்கு 20 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதபடி அதில் வரம்பும் வைக்க வேண்டும்.

20 ஆம்பியர் என்பது எப்படி வந்தது? ஒரு தகட்டின் குறுஞ்சுற்று மின்னோட்டம் (சீட்டில் Isc) சுமார் 6 ஆம்பியர். இணையாக இணைத்தால் 12. பாதுகாப்புக்காக அதை 1.25 ஆல் பெருக்கினால் 15. கடையில் அதற்கு அடுத்த அளவு 20.

நான் உங்களை வற்புறுத்துவது வேறொன்றை. வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத கருவியை, எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ஈய அமில பேட்டரியை 25 டிகிரியில் 14.4 வோல்ட் வரை ஏற்றலாம். தகரக் கூரைக்குக் கீழே 35 டிகிரி இருந்தால் 14.2 அளவில் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தண்ணீர் வற்றும், உள்தகடுகள் அரிக்கும். வெப்பமே பேட்டரிக்குப் பகை: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் மிகையாகவும் ஏற்றினால் நல்ல பேட்டரிகூடச் சீக்கிரமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. வெப்பநிலையை அளக்கும் உணரி தனிக் கம்பியில் வந்தால் அதை பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கருவிக்குள்ளேயே இருந்தால், இரண்டையும் ஒரே நிழலில் வையுங்கள். ஆனால் வாயு மேலெழும் என்பதால் பேட்டரிக்கு நேர்மேலே கருவியை மாட்ட வேண்டாம்.

பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் வசதியும் இருக்கட்டும். பின்னாளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினால், இந்த வெப்பத் திருத்தத்தையும் சமன்படுத்தும் சார்ஜையும் (ஈக்வலைசேஷன்) அணைத்துவிட வேண்டும்.

ஒருவேளை எம்.பி.பி.டி.தான் வாங்குவீர்கள் என்றால், பெயரை நம்பாதீர்கள். மலிவான பலவற்றில் அந்த எழுத்துகள் வெறும் அச்சுதான். பேட்டரி நிறையாத நேரத்தில், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் தகட்டுக் கம்பியையும் பேட்டரிக் கம்பியையும் அளந்து பாருங்கள். பேட்டரிப் பக்கம் ஆம்பியர் கூடுதலாக இருந்தால்தான் அது உண்மையான எம்.பி.பி.டி.

பொருத்தும்போது பேட்டரியை முதலில் இணையுங்கள், தகட்டைப் பிறகு; கழற்றும்போது தகடு முதலில். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். இன்வெர்ட்டர் வாங்கினால், கன்ட்ரோலரின் வெளியீட்டு முனையில் மாட்டாமல், தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியில் இணையுங்கள்.