அழுகிற பிள்ளையை விடுங்கள், எழாத பிள்ளையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. முதல் பிரசவம். ஆண் குழந்தை, 26 நாள் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ. 21ஆம் நாள் கிராம சுகாதார செவிலியர் எடை பார்த்தபோது 3.3 கிலோ இருந்தான். பொழுது சாய்ந்தால் இரவு பத்து மணி வரை மார்பை விடாமல் அழுகிறான். மார்பு முன்போல் கனக்கவில்லை. பம்ப் வைத்துப் பார்த்தால் 30 மில்லிதான் வருகிறது. எங்கள் அம்மா வீட்டுப் பெண்களுக்கே பால் சுரக்காது என்கிறார் மாமியார். நான்கு நாளாக இரவில் புட்டிப்பால் கொடுக்கிறோம். ஒரு காணொளியைப் பார்த்து டோம்பெரிடோன் மாத்திரையும் தினமும் மூன்று சாப்பிடுகிறேன். குழந்தைக்கு அடிக்கடி விக்கல், பால் கக்கல், நாளைக்கு எட்டு முறை மஞ்சளாக மலம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் அசையாமல் தூங்குவான். கண் மஞ்சளாக இருந்ததால் வெயிலில் காட்டினோம். அந்த நாட்களில் எவ்வளவு நிம்மதி! என் பால் வற்றிவிட்டதா, டாக்டர்?

— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வற்றவில்லை. அதற்கான சாட்சியை நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை இழக்கும். இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டுவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் எங்களுக்குத் திருப்தி. உங்கள் பையன் இழந்ததை மீட்டு, அதற்கு மேலும் 400 கிராம் ஏறியிருக்கிறான். 21ஆம் நாள் வரை உங்கள் வீட்டுக்குள் புட்டியே வரவில்லை. அவ்வளவும் உங்கள் பால்.

மாலை நேர அழுகையைப் படித்து நான் கவலைப்படவில்லை. முதல் வாரத்துத் தூக்கத்தைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ‘சமத்துப் பிள்ளை’ என்று மெச்சியிருப்பார்கள். நீங்களும் நிம்மதி என்கிறீர்கள். இந்தப் பதில் அச்சாவதற்குள் உங்கள் பையன் ஒரு மாதத்தைக் கடந்திருப்பான். ஆனால் இதைப் படிக்கிற வேறொரு வீட்டில் ஐந்து நாள் குழந்தை ஒன்று இப்போது அப்படித் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வாரத்தில் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். பிறப்பு எடையை எட்டும்வரை பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது பாவம் என்று தடுக்கிற பாட்டிகளிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். மஞ்சள் ஏறிய குழந்தைக்கு மந்தம் அதிகம். மந்தமானால் பால் குடிப்பது குறையும். பால் குறைந்தால் மலம் குறையும். மலத்தோடு வெளியேற வேண்டிய பிலிருபின் (மஞ்சளைத் தருகிற நிறமி) குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பும், மஞ்சள் இன்னும் ஏறும். அளவு மீறினால் அது மூளையைத் தாக்கும், காது கேட்கும் திறனைப் பறிக்கும். இளவெயிலில் காட்டுவது இதற்கு மருத்துவம் ஆகாது. எந்த அளவு ஏறியிருக்கிறது என்று பரிசோதித்து, தேவைப்பட்டால் நீல ஒளி விளக்கின் கீழ் வைப்பதுதான் மருத்துவம். உங்கள் பையனுக்கு மஞ்சள் தானாகக் குறைந்தது அதிர்ஷ்டம். வெயிலுக்கு அந்தப் புண்ணியத்தைக் கொடுக்காதீர்கள். கண்ணில் இன்னும் துளி மஞ்சள் மிச்சமிருந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஈரத் துணியை வைத்து முடியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது, வெளிறிய நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். எண்ணிக்கை குறைந்து, சிறுநீர் அடர்மஞ்சளாகவோ துணியில் செங்கல் நிறக் கறையாகவோ இருந்தால் குழந்தைக்குப் பால் போகவில்லை. பால் நேரம் தாண்டியும் எழவில்லை, துணியை அவிழ்த்து உள்ளங்காலைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை, மார்பில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டுத் தளர்ந்துபோகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மாதங்களில் கிருமித் தொற்று பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும். காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுக்கூடப் போகும். வண்டி இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழத் தெம்பில்லாத பிள்ளைக்கு நாம்தான் பசியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்கள் பட்டியல். விக்கல்: விடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். எடை ஏறுகிற குழந்தை வாயோரம் பால் கக்கினால் துடைத்துவிடுங்கள், போதும். எட்டு முறை மஞ்சள் மலம் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இயல்பு, வயிற்றுப்போக்கு அல்ல. மார்பு கனக்காதது நல்ல செய்தி. முதல் இரண்டு வாரம் உடம்பு கணக்குத் தெரியாமல் சுரந்தது. இப்போது பையனுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

மாலை அழுகை பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதில் பல குழந்தைகள் பொழுது சாய்ந்ததும் அரை மணிக்கொரு முறை மார்பைத் தேடும். கொடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை முறை குடிக்கிறானோ அத்தனைக்கு மறுநாள் சுரக்கும். ஆறாவது வாரத்தையொட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்லத் தணியும். அது பசி அழுகைதானா என்ற சந்தேகம் வந்தால், கன்னத்தைப் பார்க்காமல் தொண்டையைப் பாருங்கள். விழுங்குவது தெரியும், காதிலும் விழும்.

பம்ப்பை எடுத்து அலமாரியில் வையுங்கள். வேலைக்குப் போகிற தாய்க்கு அது உதவும். பாலை அளக்கிற கருவி அது இல்லை. வாய் அகலத் திறந்து, முகவாய் மார்பில் அழுந்த, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றிக் குடிக்கிற குழந்தை எடுக்கிற பாலை எந்த பம்ப்பும் எடுக்காது.

மாத்திரைக்கு வருவோம். டோம்பெரிடோன் குமட்டலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற மருந்து. பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்பைக் கூட்டுவதால் பாலும் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பால் சுரக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. பூஞ்சைத் தொற்றுக்குத் தருகிற ஃபுளூகோனசோல், சில சளி மருந்துச் சீட்டுகளில் இருக்கிற எரித்ரோமைசின் ஆகியவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். உங்கள் இதயத்தின் வரலாறு அந்தக் காணொளிக்காரருக்குத் தெரியுமா? சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்த மருந்துக் கடைக்காரருக்குத் தெரியுமா? பால் போதுமான அளவு இருக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை? இன்றே நிறுத்துங்கள். படபடப்போ மயக்கமோ வந்திருந்தால் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

உண்மையிலேயே பால் குறைகிற பெண்கள் இருக்கிறார்கள். பிரசவத்தில் அளவு கடந்த ரத்தப்போக்கு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துணுக்கு, தைராய்டு குறைவு, மார்பில் முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை எனக் காரணங்கள் உண்டு. அவர்களுக்குப் பரிசோதனையும் மருத்துவமும் வேறு. சிலருக்குப் புட்டிப்பாலும் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் அந்த வரிசையில் இல்லை.

உங்கள் மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதைப் படித்துக் காட்டுங்கள். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கும். அந்த நேரத்தில் புட்டியைக் கொடுத்தால் மார்புக்குக் கேட்பாரில்லை, சில வாரத்தில் பால் நிஜமாகவே குறையும். பிறகு ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பார்கள். நான்கு நாள்தானே ஆயிற்று, இன்றிரவே புட்டியை விட்டுவிடலாம். இரண்டு மூன்று நாள் துணியை எண்ணிக்கொண்டு வாருங்கள். பூண்டும் பால்சுறாவும் சமைத்துத் தரட்டும், ருசித்துச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்தால் மட்டும் கேட்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பையனுக்கு ஆறு மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதித் தருகிற வைட்டமின் டி சொட்டு மட்டும் போதும்.

நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால், அதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் தொடர்கிற அந்தச் சோர்வுக்கு நல்ல மருத்துவம் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே அதை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து அட்டையில் குறித்து வாங்குங்கள். அதுவரை வீட்டில் எடை இயந்திரம் வாங்கி வைத்து, வேளைக்கு வேளை பையனைத் தூக்கி நிறுக்க வேண்டாம்.