பொழுதுபோக்காகக் கேம் எழுதுகிறவர்களால் ஏன் ஒன்றைக்கூட முடிக்க முடிவதில்லை?

கேட்டவர் என்னைப் போலவே பகலில் வேறொரு வேலை பார்த்துவிட்டு இரவில் கோட் எழுதுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரமில்லை என்றுதான் நானும் ஐந்து ஆண்டுகள் சொல்லிவந்தேன். அது உண்மையில்லை.

2019இல், பெங்களூரு அல்சூரில் குடியிருந்தபோது, ஆடுபுலி ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவரத் தொடங்கினேன். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். இதைவிடச் சிறியதாக எதை எடுப்பது? மூன்றே வாரங்களில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டியது. அடுத்த இரண்டு மாதங்களில், நான்கு நகர்த்தல்களை முன்கூட்டியே பார்த்துப் புலியை ஓட்டும் பகுதியையும், மினிமேக்ஸ் என்ற கணக்கீட்டு முறையில், எழுதினேன். அத்துடன் எனக்குப் பிடித்த வேலை தீர்ந்துபோயிற்று. தொடக்கத் திரை, விதிகளைக் கற்றுத்தரும் பகுதி, ஒலி, நடுவில் அழைப்பு வந்தால் ஆட்டத்தைச் சேமித்துவைப்பது ஆகியவை மட்டுமே மிச்சமிருந்தன. அவற்றைத் தொட மனமில்லாமல், சொந்தமாக ஒரு கேம் இன்ஜினை, அதாவது கேம்களுக்கு அடித்தளமாக நிற்கும் மென்பொருளை, எழுத உட்கார்ந்தேன். 23 புள்ளிகளுக்கு ஓர் இன்ஜின்! இரண்டு ஆண்டுகள் அதில் போயின. 2023 மார்ச்சில் கோடோ 4 என்ற இலவச இன்ஜின் வெளிவந்ததும், என் இன்ஜினையும் ஒதுக்கிவிட்டு, அதில் மீண்டும் முதலிலிருந்து எழுதினேன். இன்ஜின் எழுதுவதே ஒருவருக்கு விருப்பம் என்றால் அதில் குற்றமில்லை. நான் செய்தது ஒளிந்துகொள்வது.

எரிக் பரோன் தனியொருவராக நாலரை ஆண்டுகள் உழைத்து 2016இல் ஸ்டார்டியூ வேலி என்ற புகழ்பெற்ற கேமை வெளியிடவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அவர் தம் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தவர். என்னைப் போல பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினமும் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதியவர் அல்லர்.

மதுரையிலிருந்து வந்திருந்த சித்தியிடம் ஒருநாள் கைபேசியைக் கொடுத்தேன். எங்கே தொடுவதென்று தெரியாமல் சற்று விழித்தவர், அரைமணி நேரம் ஆடிய பிறகு, "இது முடியவே முடியாதா? எங்க ஊர்ல அஞ்சு ஆட்ட வெட்டுனாலே புலி ஜெயிச்சதாச்சே" என்றார். பதினைந்தையும் வெட்டினால்தான் புலிக்கு வெற்றி என்று நான் எழுதியிருந்தேன். மினிமேக்ஸைச் செதுக்கிய நான் ஒரு முழு ஆட்டத்தைக்கூட இறுதிவரை ஆடிப் பார்த்திருக்கவில்லை.

வெளியிடுவதற்கு அலுவலக அனுமதி வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பி மூன்று மாதங்கள் காத்திருந்தேன். அந்த மூன்று மாதங்களிலும் புதுமைப் போட்டியில் கலந்துகொள்ளும்படி அதே அலுவலகம் எனக்கு வாரந்தோறும் எழுதியது. கடைசியில் ஒரு வரியில் சம்மதம் வந்தது.

புதிய தனிநபர் கணக்கு என்பதால், கூகுள் பிளேயில் வெளியிடுமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும் என்றார்கள். இந்த விதியைப் பலர் வெறுக்கிறார்கள். நான் முடித்ததே அதனால்தான். அடுக்ககத்திலிருந்த தமிழ்க் குடும்பங்களைக் கெஞ்சிச் சேர்த்தேன். மின்தூக்கியில் பார்க்கும் ஒவ்வொருவரும் "எப்ப சார் வருது?" என்று கேட்கும்போது, இன்னோர் இன்ஜினுக்கு மாறுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 2025இல் வெளியிட்டேன். ஒலி மட்டும் சேர்க்கவில்லை. ஆடு ஏன் கத்தவில்லை என்று இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.