ஜாம்பியா செம்பு 18 சதவீதம் மலிவாகக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் பம்ப் மோட்டாருக்கு வைண்டிங் வயர் இழுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் ஜாம்பியா சப்ளையர் ஒருவரை அறிமுகப்படுத்தினார். 99.99 சதவீத காப்பர் கேத்தோடு (சுத்திகரித்த செம்புத் தகடு), மாதம் 25 டன், சென்னைத் துறைமுகம் வரை கப்பல் வாடகை சேர்த்தே லண்டன் விலையைவிட 18 சதவீதம் குறைவாம். கன்சான்ஷி சுரங்கத்துச் சரக்கு என்று சான்றிதழும் அனுப்பியிருக்கிறார். ஏற்றுமதி பர்மிட்டுக்கும் ராயல்டிக்கும் 9,000 டாலர் முன்பணம் கேட்கிறார். டோக்கனாக 1,200 டாலர் கட்டிவிட்டேன். மீதியை அனுப்பலாமா? ஜாம்பியா தலைநகர் லுசாகா வந்து சரக்கை நேரில் பார்க்கவும் கூப்பிடுகிறார்.

பதில்: அனுப்பாதீர்கள். லுசாகாவுக்கு டிக்கெட்டும் போடாதீர்கள்.

ஜாம்பியாவில் செம்பு இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் செம்பில்தான் வருகிறது. 2024-இல் சுமார் 8 லட்சம் டன் எடுத்தார்கள். 2031-க்குள் 30 லட்சம் டன் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளின் கையில் இருக்கிறது. வடமேற்கில் கன்சான்ஷி, சென்டினல் சுரங்கங்களை கனடாவின் ஃபர்ஸ்ட் குவாண்டம் நடத்துகிறது. லும்வானா சுரங்கம் பாரிக் என்ற இன்னொரு கனடா நிறுவனத்தின் கையில். கிட்வே, முஃபுலிரா ஊர்களில் மோபானி நிறுவனம். சிங்கோலா பக்கம், தூத்துக்குடியால் நமக்குப் பழக்கமான வேதாந்தாவின் கொன்கோலா. அங்கே தோண்டுவது பெரும்பாலும் நீண்டகால ஒப்பந்தத்தில் ஏற்கெனவே விற்றுப்போன சரக்கு. வாங்குவதும் பெரிய வர்த்தக நிறுவனங்கள். ஜாம்பியாவின் ஏற்றுமதிக் கணக்கில் சுவிட்சர்லாந்து முதல் வரிசையில் நிற்பதே அதனால்தான். அந்த வர்த்தகர்களின் அலுவலகம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். செம்பு அந்த மலைநாட்டைப் பார்ப்பதுகூட இல்லை.

இப்போது விலைக்கு வருவோம். நல்ல கேத்தோடு லண்டன் உலோகச் சந்தை விலைக்குக் கீழே வராது. அந்த விலைக்கு மேல் பிரீமியம் என்று கொஞ்சம் கூட்டித்தான் விற்பார்கள். சுரங்க வாசலிலேயே லண்டன் விலையை வைத்து வாங்க ஆள் இருக்கும்போது, முகம் தெரியாத கோவைக்காரருக்கு 18 சதவீதம் தள்ளுபடி எதற்கு? இன்றைய பவுன் விலை எல்லோருக்கும் தெரிந்த ஊரில் ஒருவர் பவுனுக்குப் பல ஆயிரம் குறைத்துக் கொடுத்தால் என்ன நினைப்பீர்களோ, அதையே இங்கும் நினையுங்கள். அதிலும் ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகும் டாசாரா ரயில் பாதை மட்டுமே 1,860 கிலோமீட்டர். லாரி என்றால் டர்பன், வால்விஸ் பே என்று இன்னும் சுற்று. அந்தச் செலவு போக, கப்பல் வாடகையும் போக, 18 சதவீதக் குறைவு என்றால் கணக்கு எந்தப் பக்கமும் உட்காரவில்லை.

கன்சான்ஷி சான்றிதழ் இன்னும் வேடிக்கை. அந்தச் சுரங்கத்தின் உருக்காலையிலிருந்து வருவது ஆனோடு, அதாவது இன்னும் முழுதாகச் சுத்தமாகாத செம்பு. அதை இன்னொரு ஆலையில் மின்முறையில் சுத்திகரித்த பிறகுதான் கேத்தோடு ஆகும். கன்சான்ஷியில் அமிலத்தில் கரைத்து நேரடியாக எடுக்கும் கேத்தோடும் உண்டு, அதற்கும் வரிசையில் ஆள் நிற்கிறது. அப்புறம் ராயல்டி. அது செம்பு விலைக்கு ஏற்றபடி 10 சதவீதம் வரை ஏறும்; அதை அரசுக்குக் கட்ட வேண்டியவர் சுரங்க உரிமம் வைத்திருப்பவர். வாங்குகிறவர் தலையில் அதைக் கட்டும் வழக்கம் இல்லை. பர்மிட் கட்டணம் என்று உங்களிடம் கேட்டவுடனேயே பேச்சை முடித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குவார்கள். ஜாம்பியாவிலும் பக்கத்து காங்கோவிலும் ஆக்சைடு தாதை அமிலத்தில் கரைத்து கேத்தோடு எடுக்கும் சிறிய ஆலைகள் இருக்கின்றன. லண்டன் சந்தையில் பெயர் பதிவாகாத சரக்கு அது. சிலவற்றில் ஈயமும் கந்தகமும் அளவுக்கு மேல் இருக்கும், தகட்டின் மேல் முண்டு முண்டாக இருக்கும். இது உண்மையிலேயே தள்ளுபடியில் விற்கிறது. ஆனால் எவ்வளவு? டன்னுக்குச் சில நூறு டாலர். 18 சதவீதம் என்றால் ஆயிரக்கணக்கில் வருகிறதே, அது வேறு கதை. சரி, அந்தச் சரக்கே வந்தாலும் உங்களுக்கு உதவாது. வைண்டிங் வயருக்கு மெல்லிய கம்பியாக இழுக்கும்போது ஈயம் கொஞ்சம் கூடினாலே கம்பி அறுந்துகொண்டே இருக்கும். கம்பி இழுக்கும் டை (அச்சு) மாற்றியே ஓய்ந்துபோவீர்கள். கிட்வேயின் 'பிளாக் மவுண்டன்' கசடு மேட்டில் உள்ளூர் ஆட்கள் பொறுக்கும் சரக்கைப் பற்றியும் உங்களிடம் பேசலாம். அது உருக்காலைக்குப் போகும் கசடு, கேத்தோடே அல்ல.

இன்னொன்றையும் கேட்கிறேன். கேத்தோடு என்பது தகடு. உங்களுக்கு வேண்டியது, கம்பி இழுக்க 8 மில்லிமீட்டர் ராடு. உருக்கி வார்க்கும் வசதி உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ராடு ஆலைக்கு ஜாப் ஒர்க் கூலி கொடுக்க வேண்டும். அந்த துபாய்க்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா?

அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2018-இல் தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஸ்டெர்லைட் செம்பு ஆலை மூடிய பிறகு, சுத்திகரித்த செம்பை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடாக இந்தியா ஆனது. அன்றிலிருந்து தொழில் நகரம் ஒவ்வொன்றிலும் 'வெளிநாட்டு காப்பர்' ஏஜென்ட்டுகள் முளைத்துவிட்டார்கள். ஊர்ப் பேச்சு, சொந்தக்காரர் பெயர், கோயில் விழா என்று ஆரம்பித்து 'எஃப்சிஓ' (விற்பனை முன்மொழிவு), 'ஐசிபிஓ' (வாங்கும் உறுதிக் கடிதம்), 'செல்லர் மேண்டேட்' (விற்பவரின் பிரதிநிதி என்ற கடிதம்) என்று காகிதம் நீட்டுவார்கள். முறையான செம்பு வியாபாரத்தில் இந்தக் காகிதங்களுக்கு வேலையே இல்லை. நீங்கள் கட்டும் முன்பணத்தில் இவருக்கும் பங்கு. 'அண்ணே, நானே ஏமாந்துட்டேன்' என்று கடைசியில் உங்களோடு சேர்ந்து அழுவார்.

நேரில் போனால்? அடுக்கி வைத்த நிஜமான கேத்தோடைக் காட்டுவார்கள். அது வேறொருவர் சரக்கு, வாட்ச்மேனுக்குக் காசு கொடுத்துத் திறந்த குடோன். ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழும் அச்சடிக்கக் கூடியதுதான். அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போய்ச் சரிபாருங்கள், அவர் தரும் தொலைபேசி எண்ணில் அல்ல. 2020-இல் துருக்கியிலிருந்து மெர்குரியா என்ற பெரிய சுவிஸ் நிறுவனமே பல கோடி டாலருக்குக் கொப்புளச் செம்பு (சுத்திகரிப்புக்கு முந்தைய செம்பு) வாங்கி, கண்டெய்னரைத் திறந்தபோது பெயிண்ட் அடித்த கற்களைப் பார்த்தது. ஆய்வு முடிந்த பிறகு சீலை உடைத்து சரக்கை மாற்றியிருந்தார்கள். ஆய்வாளரும் வக்கீலும் வைத்திருக்கும் கம்பெனிக்கே அந்தக் கதி.

நம் வங்கிகளைப் பற்றிச் சொன்னால் கோபம்தான் வரும். சின்ன யூனிட் எல்சி (சரியான சரக்கு ஆவணம் வந்தால்தான் பணம் தரும் வங்கி உறுதிக் கடிதம்) கேட்டால் முழுத் தொகையும் மார்ஜினாக, அதாவது வைப்பாக வை என்பார்கள், மூன்று மாதம் நடக்கவிடுவார்கள். முன்பணம் அனுப்புகிறேன் என்றால் ஒரே படிவத்தில் அனுப்பிவிடுவார்கள். இந்தக் கும்பல் சின்னத் தொகையாகக் கேட்பதும் அதனால்தான். பெரிய தொகைக்குத்தான் வங்கி உத்தரவாதம், கேள்வி எல்லாம். பிறகு சரக்கு வராவிட்டால், இறக்குமதி ஆவணம் எங்கே என்று அதே வங்கி உங்களைத் துளைக்கும்.

ராடை உள்ளூர் ஆலையின் டீலரிடமே வாங்குங்கள். விலை உறுத்தினால் பக்கத்து யூனிட்டுகள் நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாகப் பேசுங்கள், கடன் நாள் கிடைக்கும். இறக்குமதிதான் வேண்டும் என்றால் எல்சி மட்டும், அதுவும் நீங்கள் அமர்த்தும் ஆய்வாளரின் அறிக்கையோடு. இந்தியத் தரச்சான்று விதி அடிக்கடி மாறுவதால் ஆர்டர் போடும் அன்று கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிய 1,200 டாலருக்கு இன்றே வங்கிக் கிளைக்குப் போய், பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் பெறுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பில், வங்கி ரசீது எதையும் அழிக்காதீர்கள். இன்னும் சில வாரங்களில் 'ஜாம்பியா போலீஸ்' என்றோ 'மீட்பு வக்கீல்' என்றோ ஒருவர் அழைத்து, 500 டாலர் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லக்கூடும். அவரும் அதே கும்பல்தான், எண்ணை பிளாக் செய்யுங்கள்.