அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்குபவர் எப்படி மேலே வருகிறார்?

இது கையால் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. உதவிப் பயிற்சியாளர் என்பவர் அணியின் ஒரு பகுதியைப் பழக்குபவர். பந்து பிடிப்பவர்களுக்கு ஒருவர், தடுப்பவர்களுக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருப்பார்கள்.

பலர் முதுகலை படித்துக்கொண்டே சொற்பச் சம்பளத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக நுழைகிறார்கள். அப்புறம் ஒரு பிரிவின் பயிற்சியாளர், பிறகு தாக்குதலுக்கோ தடுப்புக்கோ முழுப்பொறுப்பேற்கும் கோஆர்டினேட்டர், கடைசியில் தலைமைப் பயிற்சியாளர். பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரான நிக் சேபன் 1973இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் ஆரம்பித்தார். டொலீடோ பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பு கிடைத்தது 1990இல்.

சரி, ஏன் இவர்கள் அடிக்கடி ஊர் மாறுகிறார்கள்? தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால், புதிதாக வருபவர் பெரும்பாலும் தன் ஆட்களையே கூட்டிவருவார். கல்யாணச் சமையலில் மாஸ்டரை மாற்றினால் அவருடைய ஆட்களும் கரண்டியோடு கிளம்புவார்களே, அதேதான். நன்றாக வேலை செய்தவருக்கும் வேலை போகும். அதனால் திறமைக்கு இணையாக ஆட்களோடு உள்ள பழக்கமும் இங்கே சோறு போடுகிறது. பழைய முதலாளி புது இடத்துக்குப் போனதும் கூப்பிடுவார்.

பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் பயிற்சியாளராக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடாமல் சட்டம் படித்த மைக் லீச், 2000இல் டெக்சஸ் டெக் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார்.