கவுண்டரில் கேளுங்கள்: 2025-இன் வரவு

(இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: 'இந்த வருஷம் உங்களுக்கு என்ன கிடைத்தது, எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லட்டுமா?' பலரும் வீட்டு விஷயத்தை மனம் விட்டு எழுதியிருப்பதால் முழுப் பெயர் போடவில்லை. தலைப்பெழுத்தும் ஊரும் போதும். பதில் சொல்பவர், ராமநாதபுரத்திலிருந்து, ஓய்வு பெற்ற உங்கள் போஸ்ட் மாஸ்டரம்மா.)

எம்.எஸ்., விருதுநகர்: டிவியைத் திறந்தால் 'டாப் 10' மயம். உங்களுடைய 2025-இல் முதலிடம் எதற்கு?

பாம்பனைத் தாண்டிய ஒரு பாசஞ்சர் ரயிலுக்கு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. அதற்கப்புறம் வண்டி இந்தக் கரையில் மண்டபம் ஸ்டேஷன் வரைக்கும்தான், ராமேஸ்வரம் தீவுக்கு மிச்ச தூரம் பஸ். புதுப்பாலத்தை இந்த வருஷம் ஏப்ரல் 6, ராமநவமியன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். மோட்டாரில் அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறுகிறது. பழையதில் அந்தப் பகுதி நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள்.

இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராதது எங்கள் அத்தை கதை. என் மாமியாருக்கு 84 வயது. அவருடைய தங்கச்சி ராமேஸ்வரத்தில் இருக்கிறார். நடுவில் இருப்பது 55 கிலோமீட்டர்தான். ஆனால் அத்தைக்கு பஸ் ஆகாது, உச்சிப்புளி தாண்டுவதற்குள் குடலைப் புரட்டிவிடும். கார் என்றாலும் அதே கதை. ஆக, ரெண்டு வருஷத்துக்கு மேல் அக்காவும் தங்கச்சியும் வீடியோ காலில்தான் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் பாதி நேரம் ஒருத்தருக்கு மற்றவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும்.

மே மாதம் கூட்டிப் போனேன். ஜன்னலோர சீட் கேட்டு ஒரு கல்லூரிப் பையனை எழுப்பிவிட்டார். மண்டபம் தாண்டி வண்டி கடலுக்குள் இறங்கியதும் பெட்டியே எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எல்லார் கையிலும் செல்போன். அத்தை மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி வீசினார். அது கடலில் விழாமல் இரும்பில் 'டங்'கென்று பட்டுத் தெறித்தது. "பழைய பாலமா இருந்தா நேரா தண்ணிக்குப் போயிருக்கும்" என்றார். ரெண்டாவது காசையும் எடுத்தார்.

பக்கத்திலேயே பழைய பாலம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைத்தான் நான் வருஷம் பூரா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "அறுபத்தி நாலு புயல்ல இந்தப் பாலம் போச்சு. நான் அப்ப கல்யாணமாகி வந்த புதுசு. 46 நாள்ல சரி பண்ணிப்புட்டாங்க. இப்ப என்னடான்னா ரெண்டு வருசம் ஆக்கியிருக்காங்க." அது பழுதுபார்த்தது, இது புதுசாகக் கட்டியது என்று விளக்கப் பார்த்தேன். அன்று அந்த வேலையை முடித்தவர் பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்ட ஸ்ரீதரன் என்றும் சொன்னேன். "அப்ப அவரையே கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று முடித்துவிட்டார்.

ராமேஸ்வரத்தில் அக்காவும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்து நானும் போனைத் தயாராக வைத்திருந்தேன். வாசலில் பார்த்ததும் சின்னத்தை கேட்டது, "நண்டு வாங்கவா, மீன் வாங்கவா?" அவ்வளவுதான். சாயங்காலம் வரை யார் வீட்டுச் சொத்து யாருக்குப் போனது என்ற பேச்சு. திரும்பும்போது அத்தை முகத்தில் இருந்த தெம்பை நான் இந்த வருஷம் வேறு எங்கும் பார்க்கவில்லை.

வி.கே., காரைக்குடி: செப்டம்பரில் பதிவுத் தபாலை நிறுத்திவிட்டார்களே! காலமெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்த உங்களுக்கு இந்த வருஷம் துக்க வருஷம் இல்லையா?

நிறுத்தவில்லை, செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். குறிப்பிட்ட ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் தனியாகக் கட்டணம் கட்டி 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று கேட்டு வாங்கலாம். வேலை நடக்கும். ஆனாலும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் புழங்கிய ஒரு பெயர் கவுண்டர் பலகையிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் என்னவோ செய்யத்தான் செய்தது.

எனக்கு நினைவு வருவது தபால் அல்ல, கையெழுத்து. பதிவுத் தபால் வந்தால் வீடே வாசலுக்கு வந்துவிடும். வேலைக்கான ஆர்டராகவும் இருக்கும், வக்கீல் நோட்டீஸாகவும் இருக்கும். உறையைப் பார்த்தால் தெரியாது. ஏ.டி. கார்டில், அதாவது தபால் கிடைத்தது என்று அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும் அட்டையில், கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஒரு முறை தபால்காரர் விடுப்பு. ஒரு பையன் ஆபீசுக்கே வந்து என் முன்னால் உறையைப் பிரித்தான், ஆசிரியர் வேலை. பேனாவைத் திருப்பித் தரக்கூட மறந்து ஓடினான். மறுநாள் அவன் அம்மா வந்து பேனாவைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பேனா அரசாங்கத்துடையது, பழம் எங்களுடையது.

துக்க வருஷம் என்று சொல்லமாட்டேன். அடுத்த கேள்வியைப் படியுங்கள், புரியும்.

எஸ்.ஜே., நாகர்கோவில்: சொந்தமாக ஏதாவது சாதித்தீர்களா?

எட்டு போட்டேன்.

ஸ்கூட்டர் லைசென்சுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட வேண்டுமே, அது. ஓய்வு பெறும்வரை ஆபீசுக்கு நடை, இல்லையென்றால் இவருடைய வண்டியின் பின் சீட். 61 வயதில் முன் சீட்டுக்கு வரலாம் என்று தோன்றியது. சொன்னதும் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இடுப்பு எலும்புக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார். அதனால் அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் பி.காம். படிக்கிற பொண்ணு விடியற்காலையில் வாத்தியார் ஆனாள். "பெரியம்மா, ஆக்சிலேட்டரை மாவு பிசையற மாதிரி பிடிக்காதீங்க" என்பதுதான் அவள் கற்றுக்கொடுத்த முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான்.

டெஸ்ட் அன்று எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் பதினெட்டு, இருபது. இன்ஸ்பெக்டர் என் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் வளைவில் கால் தரைக்குப் போகத் துடித்தது. ரெண்டாவது வளைவில் அதை மறந்துபோனேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. நம் மாநிலத்தில் போன வருஷம் பிப்ரவரியிலிருந்து லைசென்ஸ் கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்டில்தான் வீட்டுக்கு வரும். ஒரு மத்தியானம் வாசலில் பெல். என் கீழ் வேலை பார்த்த தபால்காரர்தான் நிற்கிறார். "மேடம், உங்களுக்குத்தான்" என்று போனை நீட்டினார். இப்போது கையெழுத்தைத் திரையில் விரலால் போட வேண்டும். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் 'இங்கே போடுங்க' என்று காட்டிய எனக்கு விரல் வழுக்கியது, என் பெயர் ஏதோ புழு ஊர்ந்த கோடாக விழுந்தது. "பரவால்ல மேடம், எல்லாருக்கும் இப்படித்தான் வருது" என்றார். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். லைசென்ஸ் போட்டோவில் நான் யாரையோ கைது பண்ண வந்தவள் மாதிரி இருக்கிறேன்.

பெயர் வேண்டாம், பரமக்குடி (ஐம்பது பைசா போஸ்ட் கார்டில்): பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் 29. ஜூலை துணைத்தேர்வில் 41 எடுத்துப் பாஸ் ஆகிவிட்டேன். மே மாதம் வீட்டில் எல்லாரும் அழுதார்கள். ஜூலையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதை மகிழ்ச்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

தம்பி, முதல் வரியில் சேர்.

மே 16 ரிசல்ட் வந்த அன்று தெருவில் யார் வீட்டில் லட்டு, யார் வீட்டில் மௌனம் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் கூடப் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்புக்குப் புது யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூலையில் போட்ட கணக்குப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து உட்கார்ந்தாயே, அதற்கு மார்க் போட எந்தப் போர்டும் இல்லை. 400 வாங்கியவன் 450 வாங்குவதை விட 29 வாங்கியவன் 41 வாங்குவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். கல்வித்துறை ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

வீட்டில் யாரும் சொல்லாததற்குக் காரணம் கோபம் இல்லை. மே மாதம் அழுததில் அவர்களுக்கு ஒரு கூச்சம். ஜூலையில் சிரித்தால் அழுதது ஞாபகம் வரும். எனவே இந்தப் பக்கத்தை மடித்து அம்மாவிடம் காட்டு: 'அம்மா, ஜூலை மாத பால்கோவா ஒரு கால் கிலோ பாக்கி இருக்கிறது, வட்டி வேண்டாம்.' கிடைத்ததும் இன்னொரு கார்டு போடு. கணக்கில் எந்தப் பகுதியில் அந்த 12 மார்க் ஏறியது என்றும் எழுது. எனக்கு அந்த வயதில் வடிவியல் ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

ஆர்.பி., கடலூர்: உங்களை இந்த வருஷம் அசர வைத்த காட்சி?

செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணம். பதினொரு மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுக்க மறைந்து, தேய்க்காத செம்புப் பாத்திர நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு மொட்டை மாடிகளில் அன்றைக்கு ஒரு திருவிழா. எதிர்வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி, அவளை மட்டும் ஜன்னலைச் சாத்தி உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். 'பெரியம்மா, இப்ப எப்படி இருக்கு?' என்று நிமிஷத்துக்கு ஒரு வாட்ஸ்அப். நானும் தட்டிக்கொண்டே இருந்தேன். பயம் அவள் மாமியாருக்கு, ஆசை அவளுக்கு. சண்டை போடாமல் ரெண்டையும் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அதுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, இப்போது ராத்திரி முழுக்க விழித்திருக்கிறதாம்.

என்.எல்., கும்பகோணம்: மார்ச்சில் என் கணவர் போய்விட்டார். 'நடந்த நல்லதையும் எழுதிப் பாரும்மா' என்கிறாள் மகள். யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. குடும்பப் பென்ஷன் என் பெயருக்கு மாறி, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தேன். வெளியே வந்தபோது சந்தோஷமாக இருந்தது. அவர் போனதால் வந்த பணத்துக்குச் சந்தோஷப்படுவதா என்று அன்று ராத்திரி தூங்கவில்லை.

நீங்கள் சந்தோஷப்பட்டது பணத்துக்கு அல்ல, மிஷின் உங்கள் பேச்சைக் கேட்டதற்கு. ரெண்டும் வேறு வேறு.

கவுண்டரில் இதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். கணவருக்குப் பின் முதல் மாதம் மகனோ கொழுந்தனோ கூட வருவார்கள். படிவத்தை அவர்கள் நிரப்புவார்கள், அந்த அம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். சில மாதத்தில் தனியாக வருவார். பணத்தை வாங்கியதும் அங்கேயே எண்ணமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி, விரலை எச்சில் தொட்டு, உதடு அசைய ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் தோள் கொஞ்சம் இறங்கும். பிறகு என்னைப் பார்த்து, "அவுகதான் எல்லாம் பார்ப்பாக" என்று தொடங்குவார். சந்தோஷமும் அழுகையும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர்களில் யாரையும் நான் தப்பாக நினைத்ததில்லை.

மகள் சொன்ன பட்டியலில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்று மட்டும் எழுதுங்கள். பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு சின்ன விஷயம், வேலை விஷயம்: பென்ஷன் தொடர்ந்து வர, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட் நவம்பரில் கொடுத்தாயிற்றா? விட்டுப்போயிருந்தால் தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து முடித்துத் தருவார். ஆதாரும் பென்ஷன் புத்தகமும் எடுத்து வையுங்கள்.

டி.ஆர்., திண்டுக்கல்: வருஷம் பூரா உங்களை எரிச்சல்படுத்தியது?

'சீக்கிரம் சொல்லுங்க' என்று போன் பண்ணிவிட்டு, ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள்.

ஏ.எம்., தென்காசி: நவம்பர் 2 ராத்திரி பெண்கள் உலகக் கோப்பை பைனலை என் 12 வயது மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசி கேட்சை ஹர்மன்ப்ரீத் பிடித்தபோது கட்டிலில் ஏறிக் குதித்தாள். மறுநாள் காலை கிரிக்கெட் பேட் கேட்டாள். என் அம்மா, 'பொம்பளைப் புள்ளைக்கு இறகுப்பந்து மட்டை வாங்கிக் கொடு, போதும்' என்கிறார். என்ன செய்ய?

அவள் கேட்டது எதுவோ அதை வாங்குங்கள். இறகுப்பந்து நல்ல விளையாட்டுதான், ஆனால் அன்றைக்கு அவள் பார்த்தது அது இல்லையே! தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்த அந்த ராத்திரியில் தீப்தி சர்மா எடுத்தது ஐந்து விக்கெட். பேட்டோடு ஒரு பந்தும் சேர்த்து வாங்கினால் இவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தெரிந்துவிடும்.

முதலில் டென்னிஸ் பந்து போதும். பேட் அவள் உயரத்துக்குத் தகுந்த அளவில் இருக்கட்டும், 'வளர்ந்தாலும் ஆகும்' என்று பெரிதாக வாங்கி வைக்காதீர்கள், செருப்பு விஷயத்தில் நம் எல்லாருக்கும் நடந்ததுதான் அது. பாட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் வாரம் முணுமுணுப்பார், ரெண்டாவது வாரம் திண்ணையில் உட்கார்ந்து பந்து எந்த வீட்டுக்குள் போனது என்று கை காட்டுவார். அந்த வீட்டுக்காரரிடம் மட்டும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.