பட்டியலில் கடைசிப் பெயர்

கேள்வி: அக்கா, ஈப்போவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் புறப்பாட வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கடனே என்று வருகிறார்களே என்று, கைப்பேசி விளையாட்டில் இருப்பதுபோல் புள்ளி, பதக்கம், தரவரிசை எல்லாம் கொண்டுவந்தேன். வாராவாரம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பட்டியல் போட்டேன். முதல் இரண்டு வாரம் திடலே கலகலவென்று இருந்தது. இப்போது கடைசி ஐந்து இடத்தில் இருந்தவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். எங்கே தப்பு?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, தப்பு அந்தப் பட்டியலில்தான்.

தோட்டத்துத் திடலில் நாம் எப்படி ஆள் பிரித்தோம்? உத்தி பிரிப்போம். ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு செம்பனை மரத்தடிக்குப் போய், ஒருவன் ரம்புத்தான், இன்னொருவன் டுரியான் என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, “ரம்புத்தான் வேணுமா, டுரியான் வேணுமா?” என்று தலைவனிடம் கேட்பார்கள். எந்தப் பழம் எவன் என்று தலைவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பலம் சமமாகிவிடும், யாரும் சீண்டாமல் கடைசியில் தனியாக நிற்கும் பிள்ளையும் இருக்காது. கபடியில் அவுட்டானவன்கூட, நம் அணி எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால் உயிர் பெற்று உள்ளே வந்துவிடுவான். உங்கள் பட்டியலில் கீழே போன பிள்ளை மேலே வர என்ன வழி வைத்தீர்கள்?

பரிசு விஷயமும் இருக்கிறது. 1971-இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். பணத்தை நிறுத்தியதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. பின்னாளில் அவரும் சக உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும், மனிதனுக்கு ஊக்கம் உள்ளிருந்து வர மூன்று வேண்டும் என்றார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, என்னோடு ஆள் இருக்கிறது. முதல் இடத்தில் இருப்பவனுக்கு உங்கள் பட்டியல் இரண்டாவதைக் கொடுக்கும், கடைசி ஆளுக்கு மூன்றில் ஒன்றும் கிடைக்காது.

சரி, இனி என்ன செய்யலாம்? 20 மீட்டர் பீப் ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்த பீப் ஒலிக்குமுன் 20 மீட்டரை ஓடிக் கடந்தால் ஒரு சுற்று. நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும், மூச்சு வாங்கி முதலில் நிற்பவரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதை அவரவர் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். போன முறை 22 சுற்று ஓடிய பெண் இன்று 24 ஓடினால் 2 புள்ளி, 80 ஓடிய பையன் 81 ஓடினால் 1 புள்ளி. உத்தி பிரித்து நான்கு நான்கு பேராகச் சேர்த்து, அணியின் கூட்டுப் புள்ளியை மட்டும் குழுவில் போடுங்கள். அப்போது அந்த 22 சுற்றுப் பெண்ணைத்தான் அணியே கைதட்டி இழுத்துக்கொண்டு ஓடும். ஓட்டமா, கயிறு தாண்டலா, கபடியா என்று தேர்வை அணியிடமே விட்டுவிடுங்கள். சாயங்கால மழை வந்தால் மண்டபத்தில் கயிறு தாண்டலாம். பாட மதிப்பெண்ணை இந்தப் புள்ளியோடு முடிச்சுப் போடவே வேண்டாம்.

அப்புறம், வராமல் போன அந்த ஐந்து பேரை நேரம் குறிக்கவோ பந்து பொறுக்கவோ வையாதீர்கள், அது ஒப்புக்குச் சப்பாணி வேலை. பழைய பட்டியலைக் குழுவிலிருந்து அழித்துவிட்டு, அவர்களை நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள்.