தபாலில் பார்சல் அனுப்ப எடை, அளவு வரம்பு என்ன? ஓலைப்பெட்டி, பாய் எல்லாம் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். ஆனால் எல்லோரும் எடையைத்தான் கேட்கிறார்கள், மாட்டிக்கொள்வது அளவில். நான் மாட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊர் பெரியபட்டினம் பக்கம். சில வருஷங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, மகள் கல்யாணத் தாம்பூலத்துக்கு மூடி போட்ட ஓலைக்கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி, கேட்டது. வாங்கி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, எடை போட்டால் மூன்றரை கிலோகூட இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் 35 கிலோ வரை வாங்குகிறார்கள், நமக்கென்ன என்று ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

கவுண்ட்டரில் இருந்த அம்மா தராசைப் பார்க்கவே இல்லை, டேப்பை எடுத்தார். பெட்டி 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். சாதாரணப் பார்சல் என்றால் அப்போது நீளம் 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நீளமும் சுற்றளவும் சேர்த்து 180 செ.மீ.க்குள் இருக்க வேண்டியிருந்தது. சுற்றளவு என்பது தையல்காரர் இடுப்பளவு எடுப்பது மாதிரிதான், நீளப் பக்கத்தை விட்டுவிட்டுக் குறுக்கே ஒரு சுற்று. என் பெட்டிக்கு 60 + 160, ஆக 220. தேறவில்லை.

சரி, ஸ்பீட் போஸ்ட்? அதில் ஒரு பக்கம் 1.5 மீட்டர், நீளமும் சுற்றளவும் 3 மீட்டர் வரை இடம் உண்டு. ஆனால் கட்டணத்துக்குக் கன அளவு எடை என்று ஒன்று பார்க்கிறார்கள். மூன்று பக்கத்தையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்து, நிஜ எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு. எனக்கு வந்தது 19.2 கிலோ! உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் காற்று.

"மூடியைத் தனியா எடுத்து, கொட்டானை ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக் கொண்டாங்க தம்பி" என்றார் அந்த அம்மா. வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பெட்டி 45 × 30 × 30 ஆகச் சுருங்கியது. நீளமும் சுற்றளவும் 165, கன அளவு எடை 8.1. இதை முதலிலேயே யோசித்திருந்தால் பஸ் காசாவது மிச்சம்.

பாய் என்றால் அகலத்தைப் பாருங்கள். மூன்றடிப் பாயைச் சுருட்டினால் 91 செ.மீ.தான், அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். நான்கடி என்றால் 122, ஸ்பீட் போஸ்ட்டின் 1.5 மீட்டருக்குள் வரும். கருப்பட்டிக்கு இந்தக் கன அளவுத் தொல்லை கிடையாது, சின்னப் பெட்டியிலேயே கனத்துவிடும். பாலித்தீன் சுற்றி, மேலே துணி வைத்துத் தைத்தால் எறும்பு ஏறாது.

கீழக்கரைக்காரர்கள் மாதிரி வளைகுடாவுக்கு அனுப்புகிறவர் என்றால், முன்பு 2 கிலோ வரை சிறு பொதியாகப் போனது, 2026 தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பார்சலுக்கு நாட்டுக்கு நாடு வரம்பு வேறு, போகிற நாட்டைச் சொல்லி கவுண்ட்டரில் கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

கருவாட்டை மட்டும் நான் தபாலில் போடுவதில்லை. அடுத்தவர் கல்யாணப் பத்திரிகை மணக்க வேண்டாமே.